உப்புவெளியில் கேட்ட ஊசிச் சத்தம்

பட்டனக்காவை ஏமாற்றிவிடலாம் என்று நினைத்து வந்தவர்கள் நிறையப் பேர். காது நன்றாகக் கேட்கிறது என்று எழுதி வாங்கினால்தான் லாரி ஓட்ட விடுவார்கள் என்று வருகிறவர்கள் ஒரு பக்கம். காது கேட்கவில்லை என்று எழுதி வாங்கினால் இரைச்சல் மிஷினிலிருந்து வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று வருகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு வகை ஆட்களும் அந்தச் சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் வசமாக மாட்டிக்கொள்வார்கள்.

காது ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் இருந்தது அந்த அறை. ஒரு பெரிய பீரோவைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு, நடுவில் ஒரு நாற்காலி, குளிர்ப்பெட்டிக் கதவு மாதிரி கனமான ஒரு கதவு, சதுரமாக ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே பட்டனக்காவும் அவளுடைய மிஷினும். உள்ளே இருப்பவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

"எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் சரி, சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க. கேக்கலைன்னா அழுத்தாதீங்க. அவ்வளவுதான்."

இதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை, பதினொரு வருடமாகச் சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பட்டனக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. லிஃப்ட்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. மிஷினில் 'தானியங்கி' என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் மிஷினே ஒரே சீரான இடைவெளியில் சத்தங்களை அனுப்பிவிடும். பட்டனக்கா அதைத் தொடவே மாட்டாள். தன் விரலாலேயே அனுப்புவாள். ஒரு சத்தம் அனுப்பிவிட்டு இரண்டு நொடி விடுவாள். அடுத்ததற்குப் பத்து நொடி. சில சமயம் எதுவும் அனுப்பாமல் சும்மா உட்கார்ந்திருப்பாள். கேட்கிற மாதிரி நடிப்பவரின் விரல் அப்போதும் டக், டக், டக் என்று தாளம் போட்டுக்கொண்டிருக்கும். கேட்காத மாதிரி நடிப்பவர் ஒரே சத்தத்துக்கு ஒரு தடவை அழுத்துவார், மறுதடவை அழுத்த மாட்டார். நிஜமாகக் கேட்கிறவரின் விரல் தாளத்தில் எழாது. எப்போது எழும் என்று அந்த விரலுக்கே தெரியாது.

இந்தப் பதினொரு வருடத்தில் அந்த நாற்காலியில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. தினமும் காலையில் ஹெட்போன் சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதும் அவள் இல்லை. அது மெதுவாவின் வேலை. மெதுவா என்பது பக்கத்து மேஜையில் காது மிஷின் பொருத்துகிற பெண். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலப் பேசுவாள். காது கேட்காதவர்கள் வருகிற இடத்தில் இப்படி ஒருத்தியை வேலைக்கு எடுத்தவர் யார் என்று ஆஸ்பத்திரி முழுக்க ஒரு சிரிப்பு.

"சத்தமா பேசித் தொலையேன்டி" என்று பட்டனக்கா அவளை நாளுக்கு நாலு தடவையாவது திட்டுவாள்.

பட்டனக்காவுக்கு ஆஸ்பத்திரிக்குத் தெரியாத இன்னொரு வேலையும் இருந்தது. அவள் இசையமைத்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். அவள் கணவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். பத்து வயது மகளைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு அவன் வீடு வந்து சேர ஐந்து ஆகும். நடுவில் கிடைக்கிற இரண்டரை மணி நேரம் அவளுடையது. அவள் தம்பி தூக்கிப் போட இருந்த ஒரு பழைய லேப்டாப்பைக் கொடுத்திருந்தான். அதில் ஓர் இசை மென்பொருள். வாத்தியம் எதுவும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம், துணி துவைக்கிற மிஷின் சுற்றி நிற்கிற சத்தம், பஸ் வைப்பர் கண்ணாடியைத் தேய்க்கிற சத்தம் எல்லாவற்றையும் பதிவு செய்து கொண்டுவருவாள். அதை இழுப்பாள், வெட்டுவாள், தலைகீழாகத் திருப்புவாள், ஒன்றின்மேல் ஒன்றை அடுக்குவாள். கீழ்வீட்டில் இரும்புக் கிரில் பட்டறை. அந்த அரைப்புச் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக ஹெட்போனை நன்றாகக் கூட்டி வைத்துக்கொள்வாள். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

"எல்லாரும் பாட்டு கேட்டா தலையாட்டுவாங்க. உன் பாட்டைக் கேட்டா மெக்கானிக்கைக் கூப்பிடணும்னு தோணுது" என்பான் கணவன்.

"உங்க பஸ்ஸைப் பார்த்தா எனக்கும் அப்படித்தான் தோணுது" என்பாள் அவள்.

தம்பி சாலை போடுவதற்கு முன்னால் நிலத்தை அளக்கிற குழுவில் இருந்தான். போன வருடம் ஒரு வற்றிப்போன உப்பு ஏரிக்கு அவன் குழு போயிருந்தது. பஸ்ஸில் ஒரு நாள், பிறகு ஜீப்பில் அரை நாள். அங்கே மரம் இல்லை, கம்பி இல்லை, ஒரு காக்கைகூட இல்லை என்று அவன் போனில் சொன்னதும் அவள் நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிவுக் கருவியோடு கிளம்பிவிட்டாள்.

ஜீப்பிலிருந்து இறங்கியபோது அவளுக்கு முதலில் கண்தான் கூசியது. தரை முழுக்க வெள்ளை. அது வெயிலில் வெடித்து, தேன்கூடு மாதிரிக் கட்டம் கட்டமாக, பார்வை முடிகிற இடம் வரைக்கும் போனது. வானமும் தரையும் எங்கே சேர்கின்றன என்று சொல்ல முடியவில்லை.

"அக்கா, அந்தக் கோடியில ஒரு கம்பம் நட்டுட்டு வரேன். ஒரு மணி நேரம் ஆகும். ஜீப்பை விட்டு எங்கயும் போயிடாத."

"போறதுக்கு இங்க என்னடா இருக்கு?"

தம்பி நடந்தான். மெல்லச் சிறுத்து, புள்ளியாகி, பிறகு புள்ளியும் இல்லாமல் போனான். அவள் கருவியை முக்காலியில் பொருத்திப் பதிவை ஓட விட்டாள். காற்று நின்றது. ஜீப் எஞ்சினின் சூடு அடங்கியது.

அப்புறம் எதுவும் இல்லை.

அப்படி ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் அவள் அதுவரை இருந்ததில்லை. நெஞ்சு அடிப்பது தெரிந்தது, எச்சில் விழுங்குவது தெரிந்தது. இருமிப் பார்த்தாள். இருமல் வாயிலிருந்து வெளியே போனதும் யாரோ பிடுங்கிக்கொண்டது போல மறைந்தது. அந்த நேரத்தில்தான் அது வந்தது.

ஒரு சத்தம். ஊசியைப் போல மெல்லியது, ஊசியைப் போலவே கூர்மையானது. நிற்காமல் ஒரே சுருதியில் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. இடது பக்கம் திரும்பினாள், அதுவும் கூடவே திரும்பியது. பின்னால் பார்த்தாள், அங்கேயும் இருந்தது. வெட்டவெளியில் அவளைத் தவிர யாரும் இல்லை. யாரோ அவள் பிடரியை உற்றுப் பார்ப்பது போல இருந்தது. ஓடிப்போய் ஜீப்புக்குள் ஏறிக் கதவை அடைத்துப் பூட்டுப் போட்டாள்.

சத்தம் ஜீப்புக்குள்ளும் இருந்தது.

தூரத்தில் தம்பியின் புள்ளி மறுபடி தெரிந்தபோதுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "என்னக்கா, பேயைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருக்க?" என்றான். வெயில் என்று சொல்லிச் சமாளித்தாள். மனிதர்களை வேண்டாம் என்று சொல்கிற ஓர் இடத்தின் குரலைத் தான் கேட்டுவிட்டதாக அவள் நம்பினாள். அதை யாரிடமாவது சொன்னால் மங்கிப் போய்விடும் என்றும் தோன்றியது.

வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டுக் கேட்டால் அந்தச் சத்தம் அதில் இல்லவே இல்லை. ஒரு மணி நேரம் வெறுமை. திரையில் மட்டும் கோட்டின்மேல் அங்கங்கே முள் முள்ளாகச் சின்னதாக நீட்டிக்கொண்டிருந்தது. கருவிக்குள் உப்புத் தூசி போயிருக்கும் என்று நினைத்தாள். இப்படிப்பட்ட பொரிச்சலை நீக்குவதற்கு மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஒரே அழுத்து. முட்கள் எல்லாம் மறைந்து கோடு வழுவழுவென்று ஆனது.

சரி, கருவி பிடிக்காததை நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தாள். ஜன்னலைச் சாத்தினாள். பட்டறைக்கு விடுமுறையான ஒரு நாள் அது. கண்ணை மூடினால் உப்புவெளியின் சத்தம் அப்படியே காதில் வந்து நின்றது. இத்தனை நாளாகியும் மறக்கவில்லையே என்று தன் ஞாபகத்தை நினைத்து அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மென்பொருளில் ஒரு சுருதியை எழுப்பி, திருகி ஏற்றி இறக்கித் தேடினாள். இதற்கு மேலே. இன்னும் மேலே. கொஞ்சம் கீழே. இதுதான். திரையில் ஆறாயிரம் என்று எண் நின்றது. ஆனால் அங்கே கேட்ட அளவுக்கு அது ஓங்கி வரவில்லை. கூட்டினாள். இன்னும் கூட்டினாள்.

அந்தச் சத்தத்தை நடுவில் வைத்து ஏழு மாதத்தில் ஏழு பாடல்கள் செய்தாள். ஜீப் கதவை முரசாக்கினாள். தம்பியின் காலடிகளைத் தாளமாக்கினாள். தொகுப்புக்கு 'உப்புவெளி' என்று பெயர் வைத்தாள். இப்படிப்பட்ட இசைக்கென்றே இணையத்தில் வானொலி நடத்துகிற ஒருவருக்கு முதல் பாடலின் ஆரம்பத்தை மட்டும் அனுப்பியிருந்தாள். "முழுத் தொகுப்பையும் அனுப்புங்க மேடம். வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே மூச்சுல போட்டுடலாம்" என்று வானொலிக்காரர் எழுதிவிட்டார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். முதல் தடவையாக ஹெட்போனில் இல்லாமல் ஸ்பீக்கரில், எல்லோர் முன்னாலும் அவள் தொகுப்பை ஓட விட்டாள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"அம்மா! அந்த விசிலை நிறுத்தும்மா! காது வலிக்குது!"

"எந்த விசில்?"

"ஐயோ, அதான் கீய்ய்னு கத்துதே!"

கணவனும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இருந்தான். "பல்லு கூசுது. இந்த இடத்துல ஏதோ தப்பா ஏறிடுச்சு போல, பாரேன்."

"தப்பு இல்லீங்க. அதுதான் அந்த உப்புவெளியோட சத்தம்" என்று அவள் தம்பியைப் பார்த்தாள். "நீ சொல்லுடா. நீ கேட்டிருப்பியே."

தம்பி யோசித்தான். "நான் ரெண்டு மாசம் அங்க கிடந்திருக்கேன்கா. இப்படி ஒரு சத்தம் அங்க கிடையவே கிடையாதே."

அவளுக்குச் சுருக்கென்றது. இவனுக்கு என்ன தெரியும், கம்பம் நடுகிறவன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை ஒரு மர வேலைக்காரர் டெஸ்டுக்கு வந்தார். காதுக்குள் ஓயாமல் ஒரு சத்தம் என்றார். இப்படி வருகிறவர்களுக்கு அவள் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான். மிஷினில் ஒரு சுருதியை எழுப்பி, ஏற்றி இறக்கி, அவர்களுக்குள் கேட்கிற சத்தத்தோடு பொருத்திப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வாள்.

"எப்படி இருக்கும் ஐயா அந்தச் சத்தம்?"

"ஊசி மாதிரிம்மா. வெளிய இருந்து வர்ற மாதிரியே இருக்கும். முதல்ல பக்கத்து வீட்டுல எதையோ போட்டு விட்டிருக்காங்கன்னு நினைச்சேன். போய்ச் சண்டைகூடப் போட்டேன்."

"இதுவா?"

"இதுக்கு மேல."

"இது?"

"இன்னும் மேல. ஆ, தாண்டிடுச்சு. கொஞ்சம் கீழ... இதான்!"

மிஷினின் சின்னத் திரையில் ஆறாயிரம் என்று எண் நின்றது.

பட்டனக்காவின் கை திருகின்மேலேயே நின்றுவிட்டது. இதற்கு மேலே. இன்னும் மேலே. கொஞ்சம் கீழே. ஏழு மாதத்துக்கு முன்னால் வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவள் செய்ததும் இதையேதான். எத்தனையோ பேருக்குச் செய்துவிட்ட வேலை, தனக்குச் செய்துகொண்டபோது அது என்ன வேலை என்று தெரியாமலேயே போய்விட்டது. மர வேலைக்காரர் கண்ணாடி வழியாக இவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "என்னம்மா, ரொம்ப மோசமா?" என்றார்.

"இல்லை ஐயா. உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து அவள் லேப்டாப்பைத் தொடவில்லை. மகள் வந்து பாடம் எழுத உட்கார்ந்த பிறகு, மேஜை இழுப்பறையைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்தாள். இந்த வருடம் இரண்டு தெர்மாமீட்டர்களை அவள் குப்பையில் போட்டிருந்தாள். அளந்து முடித்ததும் பீப் என்று கூவ வேண்டியது கூவவில்லை, மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டியிருந்தாள். இது மூன்றாவது. கக்கத்தில் வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். திரையில் எண் ஏறியது, நின்றது. கூவவில்லை. இதுவும் கெட்டுப் போயிருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டாள்.

பக்கத்து அறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "அம்மா, காய்ச்சலா?"

பட்டனக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கரண்டியைக் கீழே போட்டுக் கேட்டாள். சாவிக்கொத்தைக் காதருகே குலுக்கினாள். கணவன் பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உதட்டைப் பார்க்காமல் கேட்டால் பாதி வார்த்தைகளின் ஓரம் தேய்ந்து வந்தது. எத்தனை நாளாக உதட்டைப் பார்த்துக் கேட்கிறோம் என்று எண்ணிப் பார்த்தாள். காது போனால் மிஷினுக்குப் பக்கத்தில் அவளை யார் உட்கார வைப்பார்கள்? இசை என்ன ஆகும்? மகள் அடுத்த வருடம் எப்படிச் சிரிப்பாள் என்று தெரியாமலே போய்விடுமா? இப்போது எல்லா நேரமும், பட்டறைச் சத்தத்துக்கு அடியில்கூட, அந்த ஊசி கேட்டது. வெட்டவெளியில் அவளைத் துரத்தி ஜீப்புக்குள் ஏறியது எது என்று இப்போது தெரிந்துவிட்டது. பூட்டுப் போட்டு என்ன பயன், அதையும் சேர்த்தல்லவா உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

புதன்கிழமை மெதுவா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, பட்டனக்கா யாருக்கும் தெரியாமல் 'தானியங்கி' சுவிட்சைப் போட்டுவிட்டு அறைக்குள் நுழைந்தாள். பதினொரு வருடத்தில் முதல் தடவையாகக் கதவு அவள் பின்னால் மூடியது. ஹெட்போனை மாட்டினாள். பட்டனைப் பிடித்தாள்.

வெளியே வந்து பார்த்தால் தாளில் கோடு வாய்க்கால் வரப்பு போல நேராக ஓடியிருந்தது. ஒரு குறையும் இல்லை. சின்னக் குழந்தையின் காது. ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. அடுத்த நொடி, தன் விரல் உள்ளே எப்படி எழுந்து எழுந்து இறங்கியது என்பது நினைவுக்கு வந்தது. டக், டக், டக். மிஷினின் சீரான இடைவெளியை முதல் இரண்டு மூன்று சத்தத்திலேயே அவள் விரல் பிடித்துக்கொண்டுவிட்டது. காது கேட்கும்வரை அது எங்கே காத்திருந்தது?

லாரிக்காரர்கள்கூட இவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்னதில்லை. தாளைக் கிழித்துப் போட்டாள். வாசலில் மெதுவா டீக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். ஏதோ சொன்னாள்.

"என்னடி?"

மெதுவா கோப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். "நீங்களா உட்கார்ந்தீங்கன்னு கேட்டேன்கா."

பட்டனக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். உப்புவெளி, ஆறாயிரம், தெர்மாமீட்டர். மெதுவா குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரு வருஷமா நீங்க என்னைத் திட்டிக்கிட்டே இருக்கீங்க. முன்னாடியெல்லாம் இந்த மாடியிலயே நான் பேசுறது உங்க ஒருத்தருக்குத்தான் கேக்கும். எனக்கு அப்பவே கொஞ்சம் சந்தேகம். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சத்தமா சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் பட்டனக்கா. இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றும் போனது.

வியாழக்கிழமை காலை, முதல் ஆள் வருவதற்கு முன்னால், மெதுவா மிஷினில் உட்கார்ந்தாள். பட்டனக்கா உள்ளே போனாள்.

"எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் சரி" என்று ஆரம்பித்தாள் மெதுவா, மைக்கில்.

"எனக்கே சொல்றியா?"

"சொல்லணும்ல. உங்க காதுக்குள்ள ஏற்கெனவே ஒரு சத்தம் இருக்கு. அதோட குழப்பிக்காதீங்க. நான் விட்டு விட்டு அனுப்புறேன். விட்டு விட்டு வந்தா மட்டும் அழுத்துங்க." அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்திப் பேசினாள். குரல் உடைந்தது.

கீழ்ச் சுருதிகள் எளிதாக இருந்தன. அழுத்தினாள், அழுத்தினாள். பிறகு சுருதி மேலே ஏறியது. ஒரு சத்தம் வந்தது. பிறகு வரவில்லை. எப்போது வரும் என்று கணக்குப் போட முடியவில்லை. மெதுவா வேண்டுமென்றே இடைவெளியை மாற்றி மாற்றி வைத்தாள், பட்டனக்கா கற்றுக்கொடுத்தபடியே. கறுப்புப் பஞ்சுக்குள் உப்புவெளி திரும்பி வந்தது. அதே வெறுமை, அதே நெஞ்சடிப்பு, அதே ஊசி. அது நீளமாக, விடாமல் வந்தது. விட்டு விட்டு எதுவும் வரவில்லை. கட்டைவிரல் பட்டனின்மேல் வியர்த்துக் கிடந்தது. அழுத்திவிடலாம் போல இருந்தது. ஒரே ஒரு தடவை, சும்மா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெதுவாவின் கை திருகிலிருந்து எடுபடவே இல்லை. அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று தெரிந்தது. கூட்டிக்கொண்டே போகிறாள். கேட்கவில்லை. கேட்கவில்லை. பட்டனக்கா விரலைத் தூக்கித் தொடையில் வைத்துக்கொண்டாள். தூரத்தில், யாரோ சுவருக்குப் பின்னால் தட்டுவது போல, விட்டு விட்டு ஏதோ வந்தது. அப்போதுதான் அழுத்தினாள்.

தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள். நேராகப் போய்க்கொண்டிருந்த இரண்டு கோடுகளும் நாலாயிரத்தில் சரிந்து, ஆறாயிரத்தில் பள்ளத்தில் விழுந்து, எட்டாயிரத்தில் பாதி ஏறியிருந்தன. இரைச்சலில் கிடந்த காதுக்கு இப்படித்தான் வரும். எத்தனை பேருக்கு அவளே வரைந்து கொடுத்திருக்கிறாள்.

கீழ்த்தளத்து டாக்டர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "போனது போனதுதான். இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். ஹெட்போனைத் தொடாதீங்க. காது மிஷின் வெச்சுக்கோங்க, நீங்க பார்க்காத மிஷினா? வேலைக்கு ஒண்ணும் தடை இல்லை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து டெஸ்ட் எடுத்துக்கோங்க."

"இன்னும் போகுமா டாக்டர்?"

"போகாம இருக்கலாம். போகலாம்."

அந்தக் கடைசி வார்த்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். கணவனிடம் சொன்னபோது அவன் பஸ் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்போ இவ்வளவு நாளா நான் முணுமுணுத்துத் திட்டினதெல்லாம் வீணாப் போச்சா?" என்றான். சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டவன் விடவே இல்லை. அது அவள் பயத்தை இன்னும் கூட்டியது.

பாட்டிலிருந்து அந்த ஊசியை எடுக்க வேண்டும். நாளை ஆறு மணிக்குள் வானொலிக்காரருக்கு அனுப்பியாக வேண்டும். எடுத்தபின் அது முழுக்கப் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறொரு காது தேவைப்பட்டது. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"இன்னும் கத்துதா?"

"இல்லம்மா. இப்ப நல்லா இருக்கு."

ஒவ்வொரு பாட்டாக எடுத்தார்கள். ஏழாவது பாட்டில் அந்தச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை. எடுத்ததும் காலியாகிவிட்டது. அந்த இடத்தில் வைக்க ஏதாவது கிடைக்குமா என்று உப்புவெளியில் எடுத்த மூலப் பதிவை, கருவியிலேயே முட்கள் நீக்காமல் கிடந்ததை, ஓட விட்டாள். வெறுமைதான். நிறுத்தப் போனாள்.

"இரும்மா. இது என்ன டிக் டிக்னு?"

"எது?"

"இதோ. இதோ, மறுபடி. சோளப்பொரி பொரியற மாதிரி, ஆனா ரொம்பச் சின்னதா."

பட்டனக்கா திரையைப் பார்த்தாள். மகள் 'இதோ' என்ற இடத்தில் எல்லாம் ஒரு முள். அவள் தூசி என்று அழித்த முட்கள். தம்பிக்குப் போன் செய்தாள்.

"அதுவா? உப்புத் தரை வெடிக்கிற சத்தம்கா. வெயில் ஏற ஏற வெளி முழுக்கப் பொரிஞ்சுக்கிட்டே இருக்கும். கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துப் போச்சு."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"உனக்குக் கேட்டிருக்கும்னு நினைச்சேன்கா."

போனை வைத்த பிறகு அவளுக்கு அழுகை வந்தது. அங்கே சத்தம் இருந்திருக்கிறது. அவளைச் சுற்றி, காலடியில், ஒரு மணி நேரம் முழுக்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் விளக்குப் போட்டு, கதவுகளைச் சாத்தி, எல்லோரும் ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தார்கள். தம்பி தன் ஊரிலிருந்து கேட்டான். மெதுவா தன் வீட்டிலிருந்து கேட்டாள். ஆறு பாட்டுகள் போயின. ஏழாவது வந்தது. ஆறு நிமிடம், எதுவும் சேர்க்காத, எதுவும் நீக்காத உப்புவெளி.

பட்டனக்காவுக்கு அதில் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய ஊசி மட்டும் கேட்டது. மூன்று மாதம் கழித்து அந்த நாற்காலியில் உட்காரும்போது பள்ளம் எங்கே வந்து நிற்கும் என்ற நினைப்பு வந்தது. மகளின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டா விரலைத் தூக்கு. கேக்கலைன்னா தூக்காத."

"தெரியும்மா" என்றாள் மகள். கண்ணை மூடிக்கொண்டாள்.

விரல் எழுந்தது. உடனே இன்னொரு தடவை எழுந்தது. பிறகு வெகுநேரம் எழவில்லை. கணவன்கூட மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டனக்கா பழக்க தோஷத்தில் மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனாள். ஏழு, எட்டு, ஒன்பது. மறுபடி எழுந்தது. அப்புறம் மூன்று, மளமளவென்று. பிறகு ஒன்றும் இல்லை.

தாளம் எதுவும் இல்லை. பிள்ளை பொய் சொல்லவில்லை.

பட்டனக்கா நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த விரலை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.